பத்திரம் பதிந்த அன்றைக்கே

தேனிச் சந்தைக்குப் பக்கத்தில் நானும் என் மனைவியும் முதன்முதலாக ஐந்து சென்ட் பொட்டல் வாங்கினோம். பத்திரம் பதிந்த கையோடு அங்கே ஓடினோம். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான்கு மூலையையும் மிதித்து வந்தாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பருத்தி வண்டிக்காரர் ஒருவர் மாட்டை நிறுத்தினார். "ஐயா, இந்த இடம் யாருது?"

"எங்களுதுதான்." அப்படிச் சொல்வதே இனித்தது.

"சந்தையன்னிக்கு வண்டிகளை இங்கன அவுத்துப் போட்டுக்கிறலாமா? வண்டிக்கு அரையணா தாரோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "ஒரு அணா குடுங்க. மாட்டுக்குத் தண்ணி நாங்க வைக்கிறோம்."

அங்கே கிணறே கிடையாது. அடுத்த சந்தைக்குப் பதினோரு வண்டிகள் வந்தன. ஆற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தோம். இடுப்பு ஒடிந்தது. ஆனாலும் வழிநெடுக இருவரும் சிரித்துக்கொண்டேதான் நடந்தோம்.