சகலை வண்டி நிற்கவேண்டும் என்று கேட்டேன்

மேல்மலையனூர் அம்மாவை நம்பிப் பிழைக்கிற உங்கள் எல்லோருக்கும் செஞ்சி பாவாடைராயன் சொல்லிக்கொள்வது. அம்மாவுக்குக் காவல் நிற்கிற சாமியின் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அதைப் பாதியாக வெட்டி 'பாவாடை' என்று கூப்பிட்டுப் பெண்பிள்ளைகள் சிரித்தது வேறு கதை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மா செய்ததைச் சொல்லவேண்டுமென்றால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டுமே.

போன வைகாசியில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. சிங்கவரத்தில் ஒரு புளியமரத்தின்மேல், இருபத்தைந்து அடி உயரத்தில், என் இடது கால் நசுங்கிப்போய் மாட்டிக்கொண்டது. கீழேயும் வர முடியவில்லை, மேலேயும் போக முடியவில்லை. என்னை இறக்கக்கூடிய ஒரே வண்டி செஞ்சியில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் ரிப்பேராகிக் கிடந்தது. அது ரிப்பேராக வேண்டும் என்று அம்மாவிடம் வேண்டிக்கொண்டவன் நான்தான்.

என் தொழில் மரம் கழிப்பது. மரம் வெட்டுகிறவன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வீட்டுக் கூரைமேல் சாய்ந்த கிளை, கரண்டு கம்பியில் உரசுகிற கிளை, புல்லுருவி பிடித்த மா, மட்டை தொங்குகிற தென்னை, இதெல்லாம் என் வேலை. மரமும் பிழைக்க வேண்டும், வீடும் பிழைக்க வேண்டும். அறுத்த இடத்தில் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசிவிட்டுத்தான் இறங்குவேன். மரம் ஏறுவதில் செஞ்சியில் என்னை அடிக்க ஆள் இல்லை. இது தற்பெருமை இல்லை. சரி, கொஞ்சம் தற்பெருமைதான்.

வேல்முருகன் என் சகலை. என் மனைவி செல்வியின் தங்கை சுமதியைக் கட்டியவன். கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் என்னிடம் கீழே நின்று கயிறு பிடித்தான். அப்புறம் கொஞ்ச நாள் ஆளைக் காணோம். ஒரு நாள் பார்த்தால் மஞ்சள் கலரில் ஒரு லிஃப்ட் வண்டியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான். தெருவிளக்கு மாட்டுகிறவர்கள் கூண்டில் நின்று மேலே போவார்களே, அந்த மாதிரி வண்டி. பக்கவாட்டில் பெயிண்டில் எழுதியிருந்தான்: 'ஏணியும் வேண்டாம், பயமும் வேண்டாம்.'

அன்றைக்கு ஆரம்பித்த வயிற்றெரிச்சல் மூன்று வருஷம் அணையவில்லை. பதினோரு வருஷமாக நான் கிளை கழித்துவந்த பள்ளிக்கூடத்து வேப்பமரத்துக்கு அவனைக் கூப்பிட்டார்கள். கேட்டால், "லிஃப்ட்டுனா சேஃப்ட்டி இல்லியா" என்றார்கள். நான் ஒரு நாள் முழுக்க ஏறி இறங்குகிற வேலையை அவன் டீ ஆறுவதற்குள் முடித்தான். மாமியார் வீட்டு விசேஷத்தில் ஃபேனுக்கு நேராக அவனுக்கு நாற்காலி, வாசப்படி ஓரம் எனக்கு ஸ்டூல். செல்வி ஒன்றும் சொல்லமாட்டாள். சும்மா, "சுமதி வீட்ல டைல்ஸ் போட்டுட்டாங்களாம்" என்பாள். அவ்வளவுதான், எனக்குச் சோறு இறங்காது. ரோட்டில் மஞ்சள் வண்டி எதிரே வந்தால் என் மொபெட்டைச் சந்துக்குள் திருப்பிவிடுவேன். அவன் ஹாரன் அடித்து, "அண்ணே!" என்று கையாட்டுவான். அது இன்னும் எரியும்.

வைகாசி அமாவாசை அன்று மலையனூருக்குப் போனேன். ராத்திரி அம்மாவுக்கு நடக்கிற ஊஞ்சல் பார்க்க இருக்கவில்லை, பகலிலேயே போய்விட்டு வந்துவிட்டேன். பையன் பரீட்சைக்கு வேண்டிக்கொள்ளச் சொல்லித்தான் செல்வி அனுப்பினாள். கூட்டம் நெருக்கித் தள்ளியது. அம்மா முன்னால் எனக்குக் கிடைத்தது அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தில் பையன் ஞாபகமே வரவில்லை. 'தாயே, அவன் வண்டி நிக்கணும். ஒரு வாரமாவது நிக்கணும்' என்று வேண்டிக்கொண்டேன். சத்தியமாக இதைத்தான் வேண்டினேன். நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

புதன்கிழமை சாயங்காலம் வண்டி நின்றுவிட்டது. லிஃப்ட்டைத் தூக்குகிற ஹைட்ராலிக் ஓஸ் குழாய் வெடித்து, ரோடெல்லாம் ஆயில். புது ஓஸ் சென்னையிலிருந்து சனிக்கிழமைதான் வரும் என்று மெக்கானிக் சொன்னாராம். செல்வி இதை வருத்தத்தோடு சொன்னாள். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஏழு மணிக்கு சிங்கவரத்திலிருந்து போன். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற வீடு. வாசலில் பந்தல் போடுகிற இடத்துக்கு மேலே புளியங்கிளை ஒன்று சாய்ந்திருக்கிறது. வேல்முருகனைத்தான் சொல்லி வைத்திருந்தார்கள்.

"அவுரு வண்டி நின்னுபோச்சாம். நீ வர்றியாப்பா? அவசரம் ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழம பந்தக்காலு, அதுக்குள்ள முடிச்சிட்டா போதும்."

அவர்களுக்கு அவசரமில்லை. எனக்குத்தான் அவசரம். சனிக்கிழமை ஓஸ் வந்துவிட்டால் வேலை அவன் கைக்குத் திரும்பிப் போய்விடும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய கிளை எடுப்பதென்றால் முதல் நாள் சாயங்காலமே போய்விடுவோம். மரத்துக்குக் கற்பூரம் ஏற்றி, கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்திலும் கிளையிலும் மூன்று மூன்று தட்டு தட்டுவோம். "நாளைக்கு வர்றோம், உள்ள இருக்கிறதெல்லாம் நகந்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வருவோம். பாம்பு, பறவை, அணில், எது இருந்தாலும் அதற்கு ஒரு ராத்திரி அவகாசம். தட்டும்போது சத்தத்தையும் கேட்டுக்கொள்வோம். நல்ல கிளை கணீரென்று சொல்லும். உள்ளே பொந்து இருந்தால் பொத்தென்று அடங்கிவிடும். பக்தியும் அதுதான், பரிசோதனையும் அதுதான். இருபது வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அதை விட்டதில்லை.

அன்றைக்கு விட்டேன். நேரே போய் ஏறினேன். கீழே கயிறு பிடிக்கிற ஏழுமலை அண்ணன் என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். "இன்னா தம்பி, தட்டாம ஏறுற?" என்றார்.

"ஒண்ணும் ஆவாது, நீ கயித்தப் புடி."

கிளை உள்ளே முழுக்கப் பொந்து. கையிலிருந்த ரம்ப மிஷின் பாதிகூட அறுக்கவில்லை. பட்டென்று ஒரு சத்தம். கிளை நீளவாக்கில் பிளந்து, முனை தரைப்பக்கம் தொங்கி, அடிப்பக்கம் என் காலை மரத்தோடு வைத்து நசுக்கியது. மிஷின் கையிலிருந்து விழுந்தது. இடுப்பில் கட்டிய கயிறு இருந்ததால் நான் விழவில்லை. எலும்பு முறிந்த சத்தத்தை நானே கேட்டேன்.

கிளை முழுசாக முறியவும் இல்லை. ஒரு பட்டை நாரில் தொங்கியது. அது அறுந்தால் என் காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஏணி வைத்து யாரும் கிட்டே வர முடியாது. கீழே கல்யாண வீட்டுப் பெண்கள் கத்துகிறார்கள். ஏழுமலை அண்ணன் போனை எடுத்தார். யாருக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"யண்ணா, அவனக் கூப்புடாத!" என்று மேலேயிருந்து கத்தினேன்.

"உயிரு போவுது, ரோஷத்தப் பாரு" என்று அவர் போட்டே விட்டார்.

உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. கால் போய்விடும் என்ற பயத்தைவிட, அவன் வந்து என்னை இந்தக் கோலத்தில் பார்ப்பானே என்பதுதான் அப்போது பெரிசாக இருந்தது. அப்படிப்பட்ட பொறாமை. வண்டிதான் ஓடாதே, எப்படி வருவான் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதி வந்த அடுத்த நிமிஷம் எனக்குள் என்னவோ உடைந்தது. அடேய், நீ கேட்டதுதானேடா இது? அவள் கொடுத்துவிட்டாளே!

காலில் உணர்ச்சி போய்க்கொண்டிருந்தது. கண் இருட்டியது. செல்வியை நினைத்தேன். பையனுக்காக ஒரு வார்த்தைகூட அம்மாவிடம் கேட்காமல் வந்ததை நினைத்தேன். ஓவென்று அழுதேன். "தாயே, நான் கேட்டதத் திருப்பி வாங்கிக்கம்மா. அவன் வண்டி ஓடணும். எனக்காவ இல்லன்னாலும் அவனுக்காவ ஓடணும்" என்று கத்தினேன். கீழே இருந்தவர்கள் நான் பிதற்றுகிறேன் என்று நினைத்தார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஹாரன் சத்தம் கேட்டது. எந்த ஹாரனைக் கேட்டால் சந்துக்குள் திரும்புவேனோ அதே ஹாரன்.

நடந்தது இதுதான். ஷெட்டுக்கு எதிரில் ஒரு பொக்லைன் வண்டி டீக்கு நின்றிருக்கிறது. அதன் டிரைவரிடம் ஸ்பேர் ஓஸ் ஒன்று இருந்திருக்கிறது. போன் வந்த கையோடு வேல்முருகன் அவர் காலில் விழாத குறையாகக் கேட்டு, அதை வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். "டீ குடிக்க நின்னான், ஓஸு கெடச்சுது. இதுல அம்மா எங்க வந்தா?" என்று ஏழுமலை அண்ணன் இன்றைக்கும் கேட்பார். அந்த டீக்கடையில் அவனை நிறுத்தியது யார் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கூண்டு மேலே வந்தது. ஆனால் கிளைகள் குறுக்கே நின்றதால் என்னிடமிருந்து ஐந்தடி தள்ளியே நின்றுவிட்டது. வேல்முருகன் கூண்டை விட்டு இறங்கி, கிளை பிரிகிற கவைமேல் கால் வைத்தான். முகமெல்லாம் வேர்வை. கண்ணை மூடிக்கொண்டு கிளையைக் கட்டிப்பிடித்து நகர்ந்து வந்தான்.

"அண்ணே, பேசு. பேசிக்கினே இரு. நீ பேசுற பக்கம் வர்றேன்."

நான் என்ன பேசினேன் என்று தெரியாது. தொங்குகிற கிளைக்குக் கயிறு போட்டு, மேல் கவையில் மாட்டிக் கீழே வீசினான். ஏழுமலை அண்ணனும் கல்யாண வீட்டு ஆம்பிளைகளும் சேர்ந்து இழுத்தார்கள். கிளை நான்கு விரல் அளவு எழும்பியது. என் காலை உருவி, என்னைத் தோளில் சாய்த்துக் கூண்டுக்குள் கொண்டுவந்து போட்டான். கீழே இறங்கியதும் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

கால் தப்பியது. உள்ளே தகடு வைத்தார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவன் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"டேய், உன் வண்டி நிக்கணும்னு அம்மாகிட்ட வேண்டிக்கினேன்டா."

அவன் என்னையே பார்த்தான். பிறகு எழுந்து வெளியே போனான். நான்கு நாள் வரவில்லை. செல்வி விஷயம் தெரிந்து, "நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று கேட்டாள். பிழைத்ததற்குப் பதில் போயிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

ஐந்தாம் நாள் வந்தான். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது.

"அண்ணே, உன்கிட்ட ரெண்டு வருசம் கயிறு புடிச்சேனே, ஒரு நாளாவது மேல ஏறுறேன்னு கேட்டனா?"

"இல்ல."

"எனக்கு உசரம்னா வயித்தக் கலக்கும். சுமதிக்கே தெரியாது. ஏற முடியலன்னுதான் வண்டி வாங்குனேன். கூண்டுக்குள்ளகூட கம்பிய வுட மாட்டேன். நீ சர்ருனு ஏறுவ, ஊரே வாயப் பொளந்துக்கினு பாக்கும். வீட்டுக்குப் போயி எரிஞ்சிக்கினு படுத்துக்குவேன். நீ என்னமோ உனக்குத்தான் எரியுதுன்னு நெனச்சிக்கினு இருக்கிற!"

அவன் சொல்லிவிட்டு அழுதான், நானும் அழுதேன். நர்ஸம்மா வந்து இரண்டு பேரையும் அதட்டினார்.

ஆவணி அமாவாசைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து மலையனூர் போனோம். எனக்குக் கையில் தடி. முதலில் பையனுக்கு வேண்டிக்கொண்டேன். அடுத்து, 'தாயே, வேல்முருகன் வண்டி' என்றேன். மேலே வார்த்தை வரவில்லை. பின்னால் கூட்டம் தள்ளுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, 'நல்லா ஓடணும்' என்று முடித்தேன். அப்படிச் சொல்லி முடித்தபோதுதான் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன்.

இப்போது லிஃப்ட் போகாத சந்துகளுக்கு அவன் என்னைக் கூப்பிடுகிறான். உயரமான வேலைக்கு நான் அவனைச் சொல்லிவிடுகிறேன். பொறாமை அடியோடு போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். போன மாசம் அவன் இரண்டாவது வண்டிக்கு விலை பேசினான், எனக்கு அன்றைக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்த வாரமே மலையனூர் போய் அவன் பெயரைச் சொல்லி வேண்டிவிட்டு வந்தேன். பல்லைக் கடித்துத்தான் வேண்டினேன், ஆனாலும் வேண்டினேன்.

அம்மாவின் பிள்ளைகளே, உங்களுக்கும் யார்மேலாவது இப்படி எரிகிறதா? தம்பிமேலா, பக்கத்து வீட்டுக்காரன்மேலா, கூட வேலை செய்கிறவள்மேலா? நெஞ்சு சுத்தமாகட்டும், அப்புறம் கோவிலுக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். எரிச்சலோடேயே பஸ் ஏறுங்கள். அவள் முன்னால் நின்று அந்த ஆளின் பெயரைச் சொல்லி, நல்லது ஒன்று கேளுங்கள். அவள் கேட்டதைக் கொடுக்கிறவள். நான் கெட்டது கேட்டபோதும் கொடுத்தாள், அழுது திருப்பிக் கேட்டபோதும் கொடுத்தாள். என்னையே தள்ளிவிடாதவள் உங்களையா தள்ளிவிடப் போகிறாள்?