மூன்று சுற்று பாக்கி

இதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நேரத்தையெல்லாம் வேலைச் சீட்டிலேயே குறித்து வைத்திருக்கிறேன்.

அந்தக் கார் ஓடும்போது ஒழுங்காக ஓடும். நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டால் மட்டும் குளிர்ஜுரம் கண்டவன்போல் நடுங்கும். மூன்று ஒர்க்‌ஷாப் கைவிட்டதாம். "நாலு மணிக்கு வாங்க. நடுக்கம் நிக்கலன்னா கடை போர்டையே கழட்டிடறேன்" என்று கார்க்காரரிடம் சவால் விட்டேன். பிளக்கில் குறையில்லை. இக்னிஷன் காயிலும் சுத்தம். காரைக் கடையின் ரிப்பேர் பள்ளத்தின் மேல் நிறுத்திவிட்டு அடியில் இறங்கினேன். இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் புதுசு. போல்ட் மட்டும் இறுக மூன்று சுற்று பாக்கி!

"எந்தக் கையாலாகாத பய மாட்டினான்? இவனுக்கெல்லாம் ஸ்பேனர் ஒரு கேடு!"

"என்ன அவசரமோ அவனுக்கு. விடுங்க மாப்ள" என்று மேலிருந்து சொன்னார் என் கூட்டாளி, மனைவியின் அண்ணன்.

மதியம் 2.10. முறுக்கினேன். மச்சான் இன்ஜினை ஓடவிட்டு, அதன் மேல் தண்ணீர் டம்ளரை வைத்தார். தண்ணீரில் அலையே இல்லை.

2.16. தண்ணீர் நடுங்கியது. போல்ட் தளர்ந்திருந்தது. எண்ணினேன்... சரியாக மூன்று சுற்று.

மறுபடி முறுக்கி, போல்ட்டையும் மவுண்டையும் சேர்த்துக் குறுக்கே வெள்ளை பெயிண்டில் கோடு போட்டேன். 2.25. டம்ளர் கிணுகிணுத்தது. கோடு விலகியிருந்தது. ஈரப் பெயிண்டில் ஒரு கட்டைவிரல் ரேகை.

என் விரலில் பெயிண்ட் இல்லை.

இன்ஜினை அணைக்கச் சொன்னேன். நீண்ட ஸ்க்ரூடிரைவரை மவுண்டில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தேன்.

க்ரீச்... க்ரீச்...

யாரோ மூச்சுத் திணறி முறுக்குகிறார்கள்.

"மேல வந்துடுங்க மாப்ள..."

வந்தேன். ஆனால் வாய் அடங்கவில்லை. ஸ்பேனரைப் பள்ளத்துக்குள் வீசினேன். "வக்கிருந்தா நீயே முடிடா!"

கை கழுவிவிட்டு வந்தோம். 2.41. இறங்கிப் பார்த்தேன். போல்ட் இறுகியிருந்தது. முழுப் பலம் கொடுத்தும் அசையவில்லை.

என் ஸ்பேனர் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

பக்கத்தில் இன்னொன்று. பிடியில் சிவப்பு டேப்.

4.00. கார் அசையாமல் நின்று உறுமியது. "மவுண்ட் மாட்டினவன் எங்க?" என்று கார்க்காரரிடம் கேட்டேன்.

"அவனா? பாதியில போய்ட்டான் சார். ஜாக் வழுக்கி... வண்டிக்கு அடியிலயே." நாய் செத்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

சிவப்பு டேப் ஸ்பேனரை நீட்டினேன். பின்வாங்கினார்.

"இது... அவன் கையிலேர்ந்து பிரிக்கவே முடியல சார். அப்படியே வச்சுத்தான் பொதச்சாங்க."

எங்கள் பள்ளத்தில் சுவரும் தரையும் முழுக்க சிமெண்ட்.

அந்த ஸ்பேனரைப் பிடித்த என் உள்ளங்கையில்... ஈரமண்.