சண்முகலிங்கத்தின் சேவல்

தேவராசாவின் இடது கை சேவலின் தலையை அசையாமல் பிடித்திருந்தது. வலது கையில் நுனி வளைந்த சின்னக் கத்தரிக்கோல். கொண்டையின் ஐந்து முனைகளில் மூன்று கறுத்து, காய்ந்த மிளகாய்த் தோல்போலச் சுருங்கியிருந்தன. சிவப்புத் தொடங்கும் கோட்டுக்கு மயிரளவு மேலே, கறுப்புக்குள் மட்டும் கத்தரிக்கோல் மூடியது. இரத்தம் வரவில்லை.

அந்தக் கோடு தெளிவதற்காகத் தேவராசா சேவலைத் தன் வீட்டில் வைத்து மூன்று கிழமை காத்திருந்தார். டென்மார்க்கின் பிராண்டேயில் காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்று ஓய்வு பெற்றவர். கோழி வளர்ப்பை யாரும் சொல்லித் தரவில்லை. நூலகத்து டெனிஷ் புத்தகங்களை அகராதியோடு வாசித்தார். மீதியைப் பிழை விட்டுப் படித்தார். முதல் குளிர்காலத்தில் கூட்டின் துவாரங்களையெல்லாம் பழைய போர்வையால் அடைத்தார். கோழிகளின் மூச்சு ஈரம் வெளியேற வழியில்லாமல் கொண்டைகளில் படிந்து உறைந்தது. இரண்டு சேவல்களின் கொண்டையும் போயிற்று. வெக்கை நாட்டிலிருந்து வந்தவனுக்குக் குளிரென்றால் அடைக்கத்தான் தெரியும் என்று பிறகு சொல்வார்.

இந்தச் சேவல் சண்முகலிங்கம் வளர்த்தது. கார்த்திகையில் அவர் மாரடைப்பில் போனபின், பனிக்குச் சேவலை எப்படிப் பார்ப்பது என்று அவர் மனைவி யோகமலர் தொலைபேசியில் கேட்டார். கொண்டைக்கு வஸ்லின் பூசச் சொன்ன தேவராசா, மேல் துவாரத்தைத் திறந்து வைக்கச் சொல்ல மறந்துபோனார். தையில் வந்து பார்த்தபோது அந்தத் துவாரத்தில் சண்முகலிங்கத்தின் கம்பளி ஸ்வெட்டர் திணித்திருந்தது. அதை இழுத்தெடுக்கக் கை வரவில்லை. பேடுகளின் கொண்டை சிறிது, ஒன்றும் ஆகாது என்று தனக்கே சொல்லிக்கொண்டு சேவலை மட்டும் கொண்டுபோனார். இன்று திருப்பிக் கொண்டுவந்து விடும்போதும் சொல்லாவிட்டால் மிஞ்சிய இரண்டு முனைகளும் போகும்.

“நோகுதோ அண்ணை அதுக்கு?” தன் வீட்டுக் கராஜ் வாசலில் நின்று யோகமலர் கேட்டார்.

“செத்த இடம் நோகாது, தங்கச்சி.”

“உங்கட வீட்டில நிண்டு நல்லாக் கொழுத்திட்டார். இனி என்ர சாப்பாடு சரியில்லையெண்டு கத்தப்போறார், அவரை மாதிரி.” சிரித்தவர் பாதியில் நிறுத்தினார். “நான் ஒரு குறையும் வைக்கேல்லையே. அவற்ற ஸ்வெட்டரைக்கூடக் குடுத்தனான். பிறகேன் இப்பிடி?”

தேவராசா கத்தரிக்கோலைத் துடைத்து உறைக்குள் போட்டார்.

“அந்த ஸ்வெட்டராலதான், தங்கச்சி. அந்த ஓட்டையாலதான் ஈரம் வெளியில போகவேணும். நான் சொல்ல மறந்திட்டன். பிழை என்ர.”

“மூண்டு கிழமையா ஏன் வாய் திறக்கேல்லை?”

“அது அவற்ற எண்டு தெரியும். சொல்ல ஏலாமப்போச்சு.”

யோகமலர் முற்றத்துக் கூட்டடிக்குப் போனார். தேவராசா வஸ்லினை விரல்களுக்கிடையில் தேய்த்து இளக்கி, மிஞ்சிய சிவப்பில் மெல்லியதாகப் பூசிக்கொண்டிருந்தார். யோகமலர் திரும்பி வந்து ஸ்வெட்டரை மேசையில் வைத்தார். அது பனிக்கட்டி பிடித்து விறைத்திருந்தது. அதன் ஒரு கையை மடிக்கப் பார்த்தார், மடியவில்லை.

“இவ்வளவும் அதுகளின்ர மூச்சோ?”

“ஓம்.”

ஸ்வெட்டரின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. யோகமலர் ஈரக் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சேவலை வாங்க நீட்டினார்.

“நெஞ்சுக்குக் கீழ பிடியுங்கோ. கொண்டையில கை படாமல்.”

பிடி சரியாக விழும்வரை பார்த்திருந்து, தேவராசா சேவலிலிருந்து தன் கைகளை எடுத்தார்.