அபர்டீனில் ஓங்கில் பார்த்தது

மனைவியின் தம்பி அபர்டீனில் புது வீடு வாங்கிக் குடிபுகுந்தார். அதற்காகத்தான் நாங்கள் இருவரும் பாரிசிலிருந்து ஸ்கொட்லாந்து போனோம். மறுநாள் அவர் வேலைக்குப் போய்விட, எங்களுக்கு ஒரு முழுப் பகல் சும்மா கிடைத்தது. நான் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் உணவகக் குசினியில் வேலை செய்கிறவன். லீவு நாள் என்றால் உடுப்புத் தோய்ப்பதும் திரான்சியிலுள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதும்தான். இடம் பார்க்கவென்று ஒருநாளும் புறப்பட்டதில்லை.

நகரம் முழுக்கச் சாம்பல் நிறக் கருங்கல். மழைக்கு இருண்டு கிடந்த சுவர்கள், வெயில் பட்டதும் உப்புத் தூவியதுபோல மின்னின. மனைவி ஒரு கட்டடத்தின் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, கல்லுக்குள்ளைதான் மினுங்குது. பூச்சு இல்லை.”

நானும் தடவினேன். தெருவில் போனவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

துறைமுக வாயிலில் சிலர் கடலைப் பார்த்தபடி நின்றார்கள்.

“என்னத்தைப் பாக்கினம்?” என்று கேட்டாள்.

“தெரியேல்லை. நிண்டு பாப்பம்.”

தொலைநோக்கி வைத்திருந்த வயதான வெள்ளைக்காரப் பெண்மணி, எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தார். பாரிஸ் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அங்கே போக ஆசையாம். ஐஃபெல் கோபுரத்தில் ஏறினீர்களா என்றார். இல்லை. பெரிய அருங்காட்சியகம்? அதுவும் இல்லை. எனக்குச் சொல்லத் தெரிந்தது லா சப்பல் ஒன்றுதான். அங்கே நல்ல கொத்துரொட்டி கிடைக்கும் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அந்தச் சொல்லை மெல்ல உச்சரித்துப் பார்த்தார்.

அப்போது மனைவி என் கையைப் பிடித்தாள்.

“அங்கை பாருங்கோ, ஓங்கில்.”

டொல்பினைத்தான் சொன்னாள். அவள் முல்லைத்தீவுக் கடற்கரையில் வளர்ந்தவள். மானிப்பாய்க்காரனான எனக்குக் கடல் சீவன்கள் சட்டிக்குள் வந்த பிறகுதான் பழக்கம். கறுத்த முதுகுகள் எழுந்து வளைந்து மறைந்தன. ஒன்று முழு உடம்போடு துள்ளி விழுந்தது.

“இந்தக் குளிருக்கை எப்பிடி இருக்குது?” என்றேன்.

“அதைத்தான் நானும் யோசிக்கிறன்.”

அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். அவை ஆற்றுக்குப் போகும் சல்மன் மீனைப் பிடிக்க வருகின்றனவாம். குளிருக்காக உடம்பில் கொழுப்பு வைக்குமாம். மனைவிக்குச் சொன்னேன்.

“அதுதான் இவ்வளவு கொழுத்திருக்கு. எங்கடை பக்கத்திலை ஒல்லி.”

பெண்மணி தொலைநோக்கியை அவளிடம் கொடுத்தார். அதன் பிறகு அது என் கைக்கு வரவேயில்லை. மத்தியானச் சாப்பாட்டை மறந்து, கால் உளையும் வரை நின்றோம்.

பாரிசுக்குத் திரும்பிய பின், லா சப்பலில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவிலுள்ள மரக்கறிக் கடைக்காரப் பெண்ணிடம் மனைவி இதைச் சொன்னாள்.

“சாப்பிடலாமோ, அக்கா?”

“இல்லை. பாக்கிறதுக்கு மட்டும்.”

“சும்மா பாக்கவோ?”

“ஓம். ஒவ்வொண்டும் மாட்டளவு.”

கடைக்காரப் பெண் பாகற்காய் நிறுப்பதை நிறுத்திவிட்டு, “பிறகு?” என்று கேட்டாள்.