பந்தியில் சிரித்தவர்

இன்று மதியம் திருத்தணியில் நான் நடத்தும் பிரவுசிங் சென்டருக்குப் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஓர் அம்மாவும் அவருடைய தம்பியும் வந்தார்கள். கையில் ஒரு கல்யாண சிடி.

அந்த அம்மாவின் கணவர் போன மாதம் இறந்துவிட்டார். மாலை போட வீட்டில் ஒரு படம்கூட இல்லை. சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் அவர் சாம்பார் ஊற்றியது மட்டும் வீடியோவில் இருக்கிறது.

"அதுலேர்ந்து போட்டோ எடுக்க முடியுங்களா?"

"ஆங், பாக்கலாம்மா" என்று சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டு, கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினேன். அவர் வரும் சில விநாடிக் காட்சி தனித்தனிப் படங்களாகப் பிரிந்து ஃபோல்டரில் வந்து விழுந்தது.

ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒரு படத்தில் அவர் நேராகக் கேமராவைப் பார்க்கிறார். முகம் பளிச்சென்று இருந்தது.

"பாவா நல்லா கீறாருக்கா. இத்தையே போட்டுக்கலாம்" என்றார் தம்பி.

அந்த அம்மாவுக்குத் திருப்தியில்லை. "கேமராவப் பாத்துட்டு வெறச்சிகினு நிக்கிறாருடா. இன்னும் கொஞ்சம் தள்ளுங்க சார்."

சில படங்கள் தள்ளி, அவர் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். தலை அசைந்ததில் முகம் மங்கலாக விழுந்திருந்தது.

"இதாங்க. இவருதான் எங்க வூட்டுக்காரு" என்றவர் அப்போதுதான் அழுதார்.

"கொஞ்சம் தெளிவாக்கித் தரட்டுமாம்மா?"

"வேணாங்க. அப்டியே குடுங்க."

அவர்கள் போனதும் என் ஆல்பத்தைப் புரட்டினேன். எல்லாப் படத்திலும் அட்டென்ஷனில்தான் நிற்கிறேன். உங்கள் வீட்டில் எப்படி?