ஆளி வயலில் ஒரு நிழல்

இது நடந்தது. கட்டிய கதை இல்லை. யாராவது வந்து கேட்கும்போதெல்லாம் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் ஒரே ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். படித்த பிறகு யாரும் என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம். இதற்கு மேல் எனக்கும் தெரியாது.

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் கிழக்கு ஜெர்மனியில் எங்கள் லுசாத்தியா பக்கம் வந்ததில்லை. எங்கள் சோர்பிய ஊர்களில் ராத்திரிக்கு யாரும் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. நடுப்பகலுக்குத்தான் பயம். கோயில் மணி பன்னிரண்டு அடித்தால் வயலில் இருப்பவர்கள் எல்லாம் கரையேறிவிட வேண்டும். ஒன்று அடிக்கும்வரை அங்கே ஈ காக்கை இருக்காது. அந்த ஒரு மணி நேரம் உச்சிக்காரிக்கு உரியது.

வெள்ளை உடுத்தி வருவாள். அடிக்க மாட்டாள், கடிக்க மாட்டாள். கேள்வி கேட்பாள். எல்லாம் ஆளிச்செடியைப் பற்றித்தான். விதை போட்டதிலிருந்து, அது நாராகி, நூலாகி, சட்டையாக உடம்பில் ஏறும்வரை ஒவ்வொரு வேலையாகச் சொல்ல வேண்டும். மணி ஒன்று அடிக்கும்வரை பேச்சை இழுத்துவிட்டால் பிழைத்தீர்கள். நடுவில் தீர்ந்துபோனால் கழுத்தைத் திருகிவிடுவாள்.

நான் அந்த ஊரின் நர்ஸ். டாக்டர் விச்சாஸ் நகரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் வருவார். உச்சிக்காரி பேச்சை எடுத்தாலே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

"சிஸ்டர், உங்க உச்சிக்காரி எங்க புத்தகத்துலயும் இருக்கா. வெயில் தாக்குன்னு பேரு. சூடு மூளைக்கு ஏறிட்டா ஆளு உளறுவான். இல்லாத ஆளெல்லாம் தெரியும். வலிப்பு வந்தா கழுத்து வெட்டி இழுக்கும். உங்க முன்னோருங்க பாத்ததெல்லாம் சரிதான். பேரைத்தான் மாத்தி வச்சுட்டாங்க."

"அப்போ அந்தக் கேள்விங்க, டாக்டர்?"

"அது வைத்தியம். நானும் அதையேதான் செய்வேன். கேட்டுக்கிட்டே இருக்கணும். பதில் சரியா வர்ற வரைக்கும் மூளை தாங்குதுன்னு அர்த்தம்."

எனக்கு அது பிடித்திருந்தது. இன்றைக்கும் அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

எண்பத்து மூன்றாம் வருடம், ஜூலை. உருக்கி ஊற்றினாற்போல வெயில். என் கணவர் ஹன்ட்ரி கூட்டுப்பண்ணையில் ஆளி வேலை பார்த்தார். பிடுங்கிப் போட்ட செடிகள் பனியில் ஊறுவதற்காக வயலிலேயே வரிசையாகக் கிடந்தன. அவற்றைப் புரட்டும் டிராக்டர் பழுதாகிக் கொட்டகையில் நின்றது. காலையில் அவித்த உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் ஆளி எண்ணெயும் தட்டில் வைத்துவிட்டு நான் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"மத்தியானம் சாப்பாட்டுக்கு வரமாட்டேன். சாயங்காலம் மழையாம். கையாலயாவது அள்ளிக் கட்டலைன்னா அவ்வளவும் அழுகிடும்" என்றார்.

"பன்னெண்டு மணிக்கு வயல்லயா? உச்சிக்காரி வந்தா என்ன பண்ணுவ?"

"வெள்ளை போட்டுக்கிட்டுக் கேள்வியா கேக்குற ஒருத்தியோட பதினோரு வருஷமா குப்பை கொட்டறேன். இன்னொருத்தியும் வரட்டுமே, நர்சம்மா."

வாசலில் அவரைக் கூட்டிப் போக வந்து நின்ற மிக்லாவுஷ் சிரித்தான். டிராக்டர் ஓட்டுகிறவன். "கவலைப்படாதீங்க அண்ணி. இவனுக்குத் திருகறதுக்குக் கழுத்து எங்க இருக்கு? தலை நேரா தோள்ல இல்ல உக்காந்திருக்கு."

அதுதான் எங்கள் வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு.

நோயாளிகளை அனுப்பிவிட்டுத் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு நான் கிளம்பும்போது வெயிலில் கண் கூசியது. எனக்கு உச்சிக்காரி பயம் இல்லை. வெயில் தாக்கிவிடுமோ என்று நர்சுக்கு இருக்கும் பயம். டிராக்டர் கொட்டகையைத் தாண்டும்போது கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. வண்டிக்கு அடியிலிருந்து மிக்லாவுஷ் தலையை நீட்டினான்.

"அண்ணி, ஒரு மணி ஆனதும் போங்க."

"ஏண்டா, நீயுமா இதை நம்பற?"

"நம்பல. ஆனா போகவும் மாட்டேன்."

வயலில் கால் வைத்ததும் ஒன்றைக் கவனித்தேன். வெட்டுக்கிளிச் சத்தம் இல்லை. வரப்புவரை காதைத் துளைத்த சத்தம் அப்படியே நின்றுபோயிருந்தது.

ஹன்ட்ரி வரிசைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். தொப்பி இல்லை. முகம் செங்கல் நிறம். தொட்டேன். அடுப்புக்கல் மாதிரி சுட்டது. வேர்வை ஒரு சொட்டு இல்லை.

அது போதும் எனக்கு. தலையில் தண்ணீரை ஊற்றினேன். சட்டையைப் பிரித்தேன். ஏப்ரனை நனைத்து அக்குளில் வைத்தேன். அவர் என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரும்புப் பிடி. விடுவிக்க முடியவில்லை. பாதையோரத்து மர நிழல் வெகுதூரம். அவரை இழுத்துப் போக என்னால் ஆகாது.

முட்டி போட்டபடியே தலைத்துணியை அவிழ்த்து, கொட்டகைப் பக்கம் பார்த்து ஆட்டினேன். கத்தினேன். மிக்லாவுஷ் வெளியே வந்தான். பார்த்துவிட்டான். வயலை நோக்கி ஓடி வந்தான்...

வரப்பில் நின்றான்.

கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு திரும்பி நடந்து, கொட்டகைக்குள் போய்விட்டான்.

பயந்துவிட்டான் என்று நினைத்தேன். கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. டாக்டர் சொன்னதைச் செய்தேன். கேள்வி கேட்டேன்.

"உன் பேர் என்ன?"

"ஹன்ட்ரி."

"நான் யாரு?"

"நர்சம்மா."

"ஆளிய விதைச்சாச்சு. அப்புறம் என்ன?"

"களை எடுக்கணும். வெறுங்கால்ல நடந்து. செடி நோகாம."

"அப்புறம்?"

"நீலமா பூக்கும். காய் பழுத்தா வேரோட பிடுங்கணும். அறுக்கக் கூடாது."

பதில்கள் சரியாக வந்தன. மனசு கொஞ்சம் அடங்கியது. அவர் முகத்தில் நிழல் விழுந்திருந்தது. முதுகில் எனக்கும் வெயில் உறைக்கவில்லை. அப்பாடா, மேகம் வந்துவிட்டது என்று நினைத்து அந்த நிழலுக்கு நன்றிகூடச் சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தேன். வானத்தில் மேகம் இல்லை.

சுற்றிலும் வயல் முழுக்க வெயில் எரிந்துகொண்டிருந்தது. நிழல் எங்கள் இருவர் மேல் மட்டும் இருந்தது.

"அப்புறம்?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"காயை உதிர்க்கணும். பனியில ஊற வைக்கணும். காய வச்சு அடிச்சு நொறுக்கணும்..."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கேட்பதை நிறுத்தினேன்.

அவர் நிறுத்தவில்லை. சொல்வார். நிறுத்துவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். மறுபடி சொல்வார். சீப்பில் சீவுவது. நூற்பது. தறியில் ஏற்றுவது. ஒன்றுகூட வரிசை பிசகவில்லை.

"இல்ல... பிள்ளைங்க இல்ல" என்றார் நடுவில்.

அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தாயா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பார்க்கவில்லை. குடத்தில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதை அவர் கழுத்தில் விட்டுக்கொண்டிருந்தேன்.

"தைச்சாச்சு. சட்டை ஆயிடுச்சு" என்றார்.

மணி அடிக்கவில்லை.

"வெளுக்கணும்ல?" என்றேன். "துணிய வெளுக்கறத விட்டுட்டியே. அதைச் சொல்லு. புல்லுல எப்படி விரிப்பாங்க? சொல்லு, ஹன்ட்ரி."

"அதை நீதான கேக்குற..." என்றார். "அவ கேக்கலையே."

என் கழுத்தின் பின்புறம் குளிர்ந்தது.

அவர் தலை மெல்ல... மெல்லத் திரும்பியது. இடது பக்கமாக.

நிற்கவில்லை.

டங்...

மணி ஒன்று.

நிழல் போய்விட்டது. வெட்டுக்கிளிகள் கத்தின. என் மணிக்கட்டு விடுபட்டது. வயலுக்குத் திரும்பிய ஊரார் எங்களைப் பார்த்து வண்டியோடு ஓடி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் இரவுவரை மூச்சு இருந்தது. பிறகு இல்லை. அவர் சொன்ன மழை வந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை.

கழுத்து வலிப்பில் இழுத்தது என்றார் டாக்டர் விச்சாஸ். வெயில் தாக்குதான் என்றார். நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். "ஒரு அரை மணி முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த அரை மணி நேரத்துக்காக ஊரில் யாரும் மிக்லாவுஷோடு பேசவில்லை. நானும்தான். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அவனாகவே வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணி, உங்ககூட அன்னிக்கு வந்த நர்ஸ் எந்த ஊரு?"

"எந்த நர்ஸ்?"

"அவங்க இல்லேன்னா நான் வந்திருப்பேன். சத்தியமா வந்திருப்பேன். உச்சிக்காரியும் மயிரும்னு ஓடித்தானே வந்தேன். வரப்பேறினதும் பாத்தேன். நீங்க முட்டி போட்டிருந்தீங்க. அவங்க உங்களுக்குப் பின்னால நின்னாங்க. ஆஸ்பத்திரி ஆளு வந்துட்டாங்க, இனி நான் எதுக்குன்னு..."

"நான் துணிய ஆட்டினேனே. வான்னு கூப்பிட்டேனே, மிக்லாவுஷ்."

"நீங்க கூப்பிட்டீங்க அண்ணி." அவன் கதவுப் பக்கம் திரும்பினான். "அவங்கதான் வேணாம்னு கையாட்டினாங்க."

மறுநாள் இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெந்த நிலத்தின் மேல் காற்று நெளியும், கானலில் ஒரு உருவம் இரண்டாகத் தெரியும், இது கப்பல்காரர்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம் என்றார்.

"இருக்கலாம் டாக்டர்" என்றேன். "ஆனா, என் உருவம்தான் ரெண்டாத் தெரிஞ்சிருந்தா, அதுவும் 'வா'ன்னுதானே கூப்பிட்டிருக்கணும்?"

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.