கயிற்றுக்கு உள்ளே தமிழ் வகுப்பு

எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி மூச்சுக்கு மூச்சு பெருமை பேசுகிறவர்கள் எல்லாரும் முன்னாள் மாணவர் சங்கத்தில் இருக்கிறார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் பந்தல் போடுவார்கள். மோர் கலயத்தைவிடப் பேனரில் இருக்கும் அவர்கள் முகம் பெரிதாக இருக்கும். ஆண்டு விருந்தில் பள்ளிப் பாட்டைக் கண்கலங்கப் பாடுவார்கள். பெற்ற பிள்ளைகளை மட்டும் அந்தப் பள்ளிப் பக்கம் தலைவைத்துப் படுக்க விடமாட்டார்கள். அதுகள் எல்லாம் இன்டர்நேஷனல் ஸ்கூலில் பிரெஞ்சு படிக்கின்றன.

பள்ளி என்னவோ பெரிய பள்ளிதான். ஜார்ஜ்டவுனில் அதற்கு வழி கேட்டால் தெரியாதென்று சொல்ல ஆள் இல்லை. ஆளுயர ஜன்னல்கள், இந்த முனையில் கத்தினால் அந்த முனைக்குக் கேட்காத திடல். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் மகனும், செட்டியார் வீட்டுப் பிள்ளையும், சீனத் துணிக்கடைக்காரர் மகளும், மலாய் போலீஸ்காரர் மகனும் ஒரே கண்டீனில் நாசி லெமாக் தின்று வளர்ந்த இடம். நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழ் அங்கே என்றைக்கும் விருந்தாளிதான். மற்ற பாடமெல்லாம் முடிந்து பள்ளியே காலியான பிறகோ, சனிக்கிழமையிலோதான் தமிழ் வகுப்பு. இடம், பள்ளியின் கடைக்கோடி அறை. மழை வந்தால் கூரை ஒழுகும், பின்வரிசை பெஞ்சுகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வோம். ஜெலுத்தோங்கிலிருந்து பஸ் பிடித்து வந்து நான் அங்கேதான் படித்தேன். இப்போது என் மகள் ஐந்தாம் படிவத்தில் அதே அறையில் படிக்கிறாள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுத்து, பிறகு தமிழ் டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை.

ஒரு நாள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவரின் செய்தி வந்தது. பள்ளியின் வரலாற்றைப் பாதுகாக்க ‘பாரம்பரிய அறை’ ஒன்று திறக்கப்போகிறார்களாம். கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. எந்த அறை என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். கடைக்கோடி அறை. அத்தனை பெரிய பள்ளியில் இவர்கள் கண்ணுக்கு அந்த ஒரு அறைதான் தெரிந்திருக்கிறது!

தலைவர் என் வகுப்புத் தோழர். இப்போது டத்தோ பட்டம் வாங்கியவர். அதே தமிழ் வகுப்பில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, கட்டுரை எழுதச் சொன்னால் வயிற்றுவலி வந்து வெளியே ஓடிய ஆசாமி. போன் போட்டேன்.

“என்னப்பா இது? தமிழ் கிளாஸ் எங்க நடக்கும்?”

“கண்டீன்ல லா. பிரின்சிபல் ஓகே சொல்லிட்டாரு. நல்ல காத்து வரும்.”

“பாத்திரம் கழுவுற சத்தமும் வரும்.”

“நீ ஏன் டென்ஷன் ஆகுற? அந்த ரூம்ல ஒரு மூலையையே நம்ம தமிழ் கிளாஸுக்கு ஒதுக்கியிருக்கோம். பழைய பெஞ்சு, கரும்பலகை எல்லாம் பாலிஷ் போட்டு வைக்கிறோம். அப்படியே நாம படிச்ச மாதிரி இருக்கும்!”

இந்த அறிவை எங்கே போய்ச் சொல்ல? நடந்துகொண்டிருக்கிற வகுப்பைத் துரத்திவிட்டு, அதே இடத்தில் அந்த வகுப்புக்கு நினைவுச் சின்னம் வைக்கிறார்கள். இது எங்கள் ஆட்களுக்கு மட்டுமே தோன்றும். உயிரோடு இருப்பவருக்கு மாலை போட்ட படம் மாட்டுகிற வேலை. சொன்னேன். “நீ எப்பவும் நெகட்டிவ்தான் லா” என்று போனை வைத்துவிட்டார்.

கண்டீனுக்குப் போன பிறகு வகுப்பு கரைய ஆரம்பித்தது. ஒருவனுக்கு சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, ஒருத்தியின் அம்மாவுக்கு இந்தச் சீரழிவு பிடிக்கவில்லை. மகள் வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“அம்மா, இன்னும் ஆள் குறைஞ்சா கிளாஸை மூடிருவாங்களாம். டீச்சர் சொன்னாங்க. அப்புறம் நான் எங்க போய்ப் படிக்கிறது?”

பையை நானே கழற்றி வாங்கிவைத்தேன்.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை காலை. அதற்கு முந்தின நாள் சங்கத்திலிருந்து ஓர் அழைப்பு. மூலை வெறிச்சென்று இருக்கிறதாம். போட்டோவுக்காகத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் சீருடையில் வந்து பழைய பெஞ்சில் உட்கார வேண்டுமாம். கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் டீச்சர் பிள்ளைகளை வரச் சொல்லிவிட்டார். பட்டர்வொர்த்திலிருந்து மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறி வருகிற சின்ன வயதுப் பெண். அதிர்ந்து பேசத் தெரியாதவர் என்றுதான் நினைத்திருந்தேன்.

அறையா அது! இத்தனை காலம் ஒழுகிய கூரை ஒழுகவில்லை. ஏர்கான் வேறு. நாங்கள் பேனாவால் கிறுக்கிய பெஞ்சுகள் பளபளத்தன. சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி, “இங்கே ஒரு காலத்தில் தமிழ் கற்பிக்கப்பட்டது” என்று பலகை வைத்திருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே என் மகளும் மிச்சமிருந்த பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். போட்டோ எடுத்து முடிந்ததும் தலைவர் கைதட்டினார்.

“போதும் போதும், எழுந்திரிங்க. வி.ஐ.பி. வந்துட்டாரு.”

பிள்ளைகள் பாதி எழுந்துவிட்டார்கள். டீச்சர் சுண்ணாம்புக்கட்டியைக் கையில் எடுத்தார்.

“உட்காருங்க. போன வாரம் எங்க விட்டோம்?”

“டீச்சர், போட்டோ முடிஞ்சிருச்சு” என்றார் தலைவர்.

“தெரியும் சார். கிளாஸ் இப்பத்தான் ஆரம்பிக்குது.”

என் மகள் எழுந்து நின்று, விட்ட இடத்திலிருந்து பாடத்தை வாசிக்கத் தொடங்கினாள். அதற்குள் கோலாலம்பூரிலிருந்து வந்த பெரும்புள்ளி, பிரின்சிபல் பின்தொடர, உள்ளே நுழைந்துவிட்டார். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. பெரும்புள்ளியோ இதுவும் நிகழ்ச்சியில் ஓர் அங்கம் என்று எண்ணிக் கைதட்டினார்.

“வாவ், உயிரோட்டமா இருக்கே! தினமும் இப்படி நடக்குமா?”

தலைவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“தினமும் இல்லைங்க. வாரா வாரம் சனிக்கிழமை, இதே இடத்துல. எல்லாம் நம்ம டத்தோவோட ஏற்பாடு.”

“ரொம்ப நல்ல காரியம், டத்தோ. விட்டுடாதீங்க.”

“செய்றோம், கண்டிப்பா செய்றோம்” என்றார் தலைவர். பக்கத்தில் நின்ற பிரின்சிபலும் தலையாட்டினார். எனக்கு வந்த சிரிப்பை முந்தானைக்குள் அடக்கிக்கொண்டேன்.

சொன்ன வாய்க்குப் பூட்டுப் போட முடியாதே. இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கேதான் வகுப்பு. நின்றுபோன பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். ஏர்கான் காரணமாகக்கூட இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். பலகையையும் கயிற்றையும் சங்கத்தார் எடுக்கவில்லை. பாரம்பரியமாம். முன்னாள் மாணவர்கள் குடும்பத்தோடு வந்து, கயிற்றுக்கு வெளியே நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

“நான் வாசிக்கிறப்போ ஒரு அங்கிள் தன் மகன்கிட்ட ‘பார்த்தியா, அந்தக் காலத்துல இப்படித்தான் படிச்சாங்க’ன்னு சொல்றாரும்மா. நான் இருக்கிறதே அவருக்குத் தெரியல.”

“நீ என்ன செஞ்ச?”

“இன்னும் சத்தமா வாசிச்சேன்.”